கூட்டுப்புழு இல்லாத டிரம்: ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் புலிக்கொசு

சென்ற ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் வாரம், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அந்தத் தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கும் ரைட்டர். கல்லூரியில் என்னிடம் விலங்கியல் படித்தவர். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். “சார், ஏழு வாரமாக வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லா டிரம்மையும் கவிழ்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மறுபடியும் புழு. கடி மட்டும் குறையவே இல்லை.”

கொசு என்றால் இரவில் காதருகே ரீங்காரமிடுவது என்றுதான் பொதுவாக நினைப்போம். இந்தப் புகார் பகல் கொசுவைப் பற்றியது. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால் கடி. மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்து திண்ணையில் கால் நீட்டினால் கடி. கடிப்பது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. இரண்டு முறை புகை மருந்து அடித்திருக்கிறார்கள், ஒரு முறை புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றியிருக்கிறார்கள். இதற்கிடையில் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு நான்கு நாள் காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரிந்தது. ஆனால் அந்த நான்கு நாளில் கிளம்பிய பயம் அடங்கவில்லை.

சனிக்கிழமை அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் சேலத்து வெயில் போய் மேல்சட்டை தேவைப்பட்டது. இந்தக் குளிர்ச்சிக்கு இந்த விவகாரத்தில் ஒரு பங்கு உண்டு. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஊற்றுத் தண்ணீர் மீது வழக்கு

இரண்டு வரிசையாக 14 வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். மேட்டில் உள்ள ஊற்றுத் தொட்டியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். அன்று டிரம்மை நிரப்பி அடுத்த முறை வரை ஓட்ட வேண்டும். சுற்றிலும் சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகள், ஓக்கின் மேல் மிளகுக் கொடி, அங்கங்கே பழைய பலா மரங்கள்.

மேஸ்திரி ஏற்கெனவே குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஊற்றுத் தண்ணீர்தான் புழுவைக் கொண்டுவருகிறதாம். அவருடைய வாதத்தில் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை டிரம்மைக் கவிழ்த்துச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிக்கிறார்கள். அன்று மாலையே குழாய்த் தண்ணீர் நிரம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை அதில் கூத்தாடிப் புழு துள்ளுகிறது. இடையில் வந்தது தண்ணீர் மட்டுமே. ஆகவே அவர் ஒவ்வொரு குழாய் முனையிலும் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டியிருந்தார். துணியில் மணல் தங்கியது, சருகுத் துணுக்கு தங்கியது. புழு ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனாலும் டிரம்மில் புழு இருந்தது. “கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வருகிறது” என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அவரோடு வாதாடாமல் ஒரு எவர்சில்வர் வாளியைக் கொதிநீரில் கழுவி, அதே குழாயில் துணியை அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்து, வாயை இறுக்கிக் கட்டி ரைட்டர் அறையில் வைத்தோம். அடுத்த சனிக்கிழமை வரை அதில் எதுவும் தோன்றவில்லை. ஊற்று நிரபராதி.

அந்த வாளிக்குக் காத்திருக்கவும் தேவை இருக்கவில்லை. முதல் நாளே டிரம்மின் உட்புறத்தைப் பார்த்தபோது விடையில் பாதி தெரிந்துவிட்டது. நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கறுத்த வழவழப்பு வளையம். பாசியும் அழுக்கும் சேர்ந்தது. டார்ச்சை அடித்துக் கைலென்ஸால் பார்த்தால் அந்த வளையத்தில் கரிய புள்ளிகள். அரை மில்லிமீட்டர் நீளம், இரு முனையும் குவிந்த சுருட்டு வடிவம். ஏடிஸ் இனத்துக் கொசு முட்டைகள்.

நம்மில் பலர் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த கொசு முட்டை, நீரின் மேல் தெப்பம்போல் ஒட்டி மிதப்பது. அது சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் வழக்கம். ஏடிஸ் நீரில் முட்டையிடுவதில்லை. நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுக்கும். ஈரத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தால் உள்ளே புழு முழுதாக உருவாகிவிடும். அதன்பின் சுவர் காய்ந்தாலும் கவலையில்லை. முட்டைக்குள் புழு தூங்கும். மாதக்கணக்கில் தூங்கும். தண்ணீர் மேலேறி முட்டையை மூழ்கடிக்கும் நாளில் வெளியே வரும்.

இப்போது அந்த ஏழு வெள்ளிக்கிழமைகளைப் பாருங்கள். வாரம் முழுக்கத் தண்ணீரை மொள்ள மொள்ள மட்டம் இறங்குகிறது. ஈரச் சுவர் வெளிப்படுகிறது. பெண் கொசு வந்து ஒட்டிவிட்டுப் போகிறது. வெள்ளிக்கிழமை டிரம்மைக் கவிழ்க்கிறார்கள். தண்ணீரும் புழுவும் போகின்றன, சுவரில் ஒட்டிய முட்டை போகவில்லை. உடனே டிரம் விளிம்புவரை நிறைகிறது. அதாவது வாரந்தோறும் நாள் குறித்து, நேரம் தவறாமல், முட்டைக்கு நீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

இதை வாயால் சொன்னால் மேஸ்திரி நம்பமாட்டார் என்று தெரியும். லைன் வீட்டு அக்கா ஒருவரிடம் தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைக்கச் சொன்னேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்த வளையத்தைச் சுரண்டி, ஆறிய நீர் இருந்த கண்ணாடி டம்ளரில் அலசினேன். காப்பி குடித்து, மிளகு விலையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள், முக்கால் மணி நேரத்தில், டம்ளரில் நூல் நுனிபோல ஏழெட்டு உயிர்கள் நெளிந்தன. கொதித்த தண்ணீரிலிருந்து புழு வந்ததைப் பார்த்து மேஸ்திரி வெகுநேரம் பேசவில்லை. பிறகு குழாய்த் துணிகளை அவரே அவிழ்த்தார்.

கொதிக்கவைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏடிஸ் முட்டை வெறும் ஈரத்தைக் கண்டு பொரிந்துவிடுவதில்லை. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதை அது அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. காட்டு மரப்பொந்தில் மழைநீர் தேங்கி, சருகு ஊறி, நுண்ணுயிர்கள் பெருகும்போதுதான் ஆக்சிஜன் குறையும். அந்த நுண்ணுயிர்கள்தான் புழுவுக்குச் சாப்பாடு. இலை போட்டாயிற்று, பந்தி தயார் என்று தெரிந்த பிறகே முட்டை திறக்கிறது. கொதிக்கும்போது நீரிலுள்ள காற்று வெளியேறிவிடும். ஆறிய நீரில் சாப்பாடு எதுவும் இல்லாவிட்டாலும் முட்டை ஏமாந்துபோகிறது.

எல்லா முட்டையும் ஒரே நாளில் ஏமாறுவதும் இல்லை. ஒரு பிரசவத்து முட்டைகளே சில முதல் நனைப்பில், சில இரண்டாவதில், சில நான்காவதில் என்று தவணை முறையில் பொரியும். முதல் மழை பொய்த்துப் பொந்து வறண்டாலும் வம்சம் அழியாது. சேலத்து வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு எச்சரிக்கையாகப் பணத்தைப் பிரித்துப் போட்டிருக்கமாட்டார்.

ஆகவே தீர்வு எளிது என்று சொல்லிவிட்டேன். கவிழ்ப்பதோடு நிற்காமல் தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த வளையம் போனால் புழு போகும். மாலை பஸ்ஸில் இறங்கும்போது எனக்கு என்மீது கொஞ்சம் மதிப்பு கூடியிருந்தது.

நான் தவறவிட்டது

மூன்று வாரம் கழித்து ரைட்டர் மறுபடி அழைத்தார். டிரம்களில் புழு அநேகமாக இல்லை. பெண்கள் விடாமல் தேய்த்திருக்கிறார்கள். கடி மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு ஆண்டு இதைப் பாடமாக நடத்தியவனுக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டிய கணக்கு இது. முட்டை பொரிந்து, புழு மூன்று முறை தோலுரித்து நான்காம் நிலையை அடைந்து, பின் கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து கொசு பறக்க வேண்டும். சேலத்து வெப்பத்தில் ஏழெட்டு நாளில் இது முடிந்துவிடும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆடி மாதத்துக் குளிரில், மழையில், இரண்டு வாரத்தைத் தாண்டும். வாரம் ஒரு முறை டிரம்மைக் கவிழ்த்தால் எந்தப் புழுவும் கொசுவாகும் வயதை எட்டியிருக்கவே முடியாது. பாவம், அந்த டிரம்களில் பிறந்த புழுக்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முற்றத்தில் செத்திருக்கின்றன.

முதல் வருகையின் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு டிரம்முக்கும் நேராகப் புழு எண்ணிக்கை எழுதியிருந்தேன். கூட்டுப்புழு என்ற கட்டத்தில் 14 வீட்டுக்கும் கோடுதான். ஒன்றுகூட இல்லை. எழுதிய கையே அதைப் படிக்கவில்லை.

கொசுப்புழு இருக்கும் இடமெல்லாம் கொசு பிறக்கும் இடமாகிவிடாது. புழுவில் பெரும்பகுதி பசியிலும் நெரிசலிலும் இப்படிக் கவிழ்ப்பிலும் போய்விடும். கூட்டுப்புழு அப்படியல்ல. அதற்கு உணவு தேவையில்லை. இரண்டு மூன்று நாள் நீரில் இருந்தால் கொசுவாகிவிடும். அது இருக்கும் இடம்தான் கொசுவின் தொட்டில். டிரம்மில் முட்டையிட்ட தாய்க்கொசுக்கள் வேறு எங்கோ பிறந்து வந்தவை. நாம் எல்லோரும், ரைட்டர், மேஸ்திரி, புகை மருந்து அடித்தவர்கள், நான் உட்பட, கண்ணெதிரே துள்ளிய புழுவைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

நூறு மீட்டர், இருநூறு மீட்டர்

ஆவணி முதல் வாரம் மறுபடியும் மலை ஏறினேன். இந்த முறை எதையும் தேடுவதற்கு முன் கடிக்கிற ஆள் யார் என்பதை உறுதிசெய்ய நினைத்தேன். மாலை நாலரை மணிக்கு லைன் வீட்டுத் திண்ணையில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தேன். கையில் சோதனைக் குழாய். காலில் வந்து அமர்வதை, ஊசி இறங்குவதற்குள் குழாயை வைத்து மூட வேண்டும். அரை மணியில் 19 பிடித்தேன். தவறவிட்டவை கடித்தன.

லென்ஸ் தேவைப்படவில்லை. கரிய உடல், கால்களில் வெள்ளை வளையங்கள், முதுகின் நடுவே தலையிலிருந்து ஒரே ஒரு வெள்ளிக் கோடு. திருநீற்றை ஒற்றை விரலால் நெடுக இழுத்ததுபோல. ஏடிஸ் அல்போபிக்டஸ், புலிக்கொசு. டெங்கு விளம்பரத் தட்டிகளில் நாம் பார்க்கும் ஏடிஸ் எஜிப்தி இதன் ஒன்றுவிட்ட சகோதரி. அதன் முதுகில் யாழ் வடிவில் இரு பக்கமும் வளைந்த கோடுகள் இருக்கும். டிரம்மிலிருந்து எடுத்துப்போன புழுக்களும் இதையே சொல்லியிருந்தன. எட்டாவது வயிற்றுக் கண்டத்தில் சீப்புப்போல் வரிசையாக நிற்கும் செதில்கள், அல்போபிக்டஸில் ஒற்றை முள்ளாக இருக்கும். எஜிப்தியில் நடு முள்ளின் இருபுறமும் பக்க முட்கள் நின்று திரிசூலமாகத் தெரியும். நுண்ணோக்கி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

19இல் மூன்று ஆண்கள். தலையில் இறகுபோல் அடர்ந்த உணர்கொம்புகள். ஆண் கொசு இரத்தம் குடிப்பதில்லை. பூந்தேனும் இலைச் சாறும் போதும். பின் என் காலருகே என்ன வேலை என்றால், பெண்கள் வருமிடம் அது என்று அவற்றுக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் காரணமில்லாமல் நிற்கும் இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

புலிக்கொசு என்று தெரிந்ததும் தேடும் வட்டம் சுருங்கிவிட்டது. இது நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் காலத்தை ஓட்டும். வீட்டுக்குள் தங்காது. எஜிப்தி அலமாரி மூலையிலும் தொங்கும் சட்டையிலும் ஒளிந்திருக்கும். இது வெளியே புதரில், தாழ்ந்த இலைக்கடியில் ஓய்வெடுக்கும். லைன் வீட்டுக்குள் அடித்த புகை மருந்து இதைத் தொடாததில் வியப்பில்லை. வெளியே அடித்தாலும் அந்த நேரத்தில் பறப்பவை மட்டும் சாகும். கூட்டுப்புழுவிலிருந்து நாளைக்கு வெளிவரப் போவதைப் புகை என்ன செய்யும்?

திண்ணையை மையமாக வைத்து வட்டம் போட்டு நடந்தோம். நாற்றுப் பைகள், உடைந்த பிளாஸ்டிக் வாளி, ஜீப்பின் பழைய டயர் ஒன்று. டயரில் புழு இருந்தது, கூட்டுப்புழுவும் நாலைந்து. ஆனால் நாள்தோறும் இத்தனை கொசுவை அனுப்ப ஒரு டயர் போதாது. சரிவில் இறங்கி இரண்டாம் வரிசைக்குப் பின்னால் அறுபது தப்படி நடந்தபோது மூங்கில் குத்து வந்தது.

கடுங்காப்பி நிறத்துத் தண்ணீர்

மிளகு பறிக்க ஒற்றை மூங்கிலில் ஏணி செய்வது இங்கே வழக்கம். தை மாதம் அதற்காக மூங்கில் வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் உயரத்தில், அரிவாள் எங்கே வாகாக இறங்கியதோ அங்கே. மூங்கிலில் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உட்புறம் கூடு, கணுவில் தட்டை மூடிபோல் அடைப்பு. இரு கணுவுக்கு நடுவே வெட்டினால் எஞ்சுவது ஒரு டம்ளர். கணுவை ஒட்டி மேலே வெட்டினால் எஞ்சுவது வெறும் கட்டை. இந்த ஒரு சாண் வித்தியாசத்தில்தான் எல்லாம் இருந்தது. வெட்டிய கட்டை 46. அவற்றில் 31 டம்ளர்கள் வைகாசியிலிருந்து பெய்த மழையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தன.

ரப்பர் குழாய் மாட்டிய ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சி வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டோம். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. சருகு ஊறிய சாயம். அதில் புழு நெளிந்தது. அதோடு, கால்புள்ளிபோல் வளைந்த உடலோடு, தொட்டதும் குட்டிக்கரணம் அடித்துக் கீழே போகும் கூட்டுப்புழுக்கள். 16 கட்டைகளில் இருந்தன. ஒரு கட்டையில் மட்டும் 11. ஒரு கை அள்ளும் அளவுகூட இல்லாத நீர் அது.

மேஸ்திரி தட்டைப் பார்த்துவிட்டு, “இது அழுக்குத் தண்ணீர் ஆயிற்றே, டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தானே வளரும்?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நாம் ஆண்டுக்கணக்காகத் தட்டி எழுதியும் ஒலிபெருக்கியில் சொல்லியும் பதியவைத்த வாக்கியம் அது. சாக்கடையில் வளராது என்பதைச் சொல்ல வந்த வாக்கியம், குடிக்கத் தக்க தண்ணீரில் மட்டுமே வளரும் என்று ஆகிவிட்டது. புலிக்கொசுவைக் கேட்டால் டிரம் தண்ணீரைவிட இந்தக் கஷாயத்தையே கேட்கும். சருகில்தான் நுண்ணுயிர் பெருகும், நுண்ணுயிரைத்தான் புழு தின்னும். ஏழு வாரமாகத் தோட்டமே டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர்கூட மூங்கில் பக்கம் போகாததற்கு இந்த ஒரு வாக்கியம் காரணம் என்பது என் கருத்து.

ஆறு கட்டைகளில் வேறொன்று இருந்தது. சாதாரணப் புழுவைப்போல் இரண்டு மடங்கு நீளம், கருஞ்சிவப்பு, தடித்த தலை, உடலெங்கும் விறைத்த மயிர். ரைட்டர் கண்டதும் பின்வாங்கினார். டாக்ஸோரிங்கைட்டிஸ், யானைக்கொசுவின் புழு. அது மற்றக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்று வளர்கிறது. கூட்டுப்புழுவாகும் நாள் நெருங்கும்போது தின்னாமலே கொன்றும் போடும், பக்கத்தில் அசைவதெல்லாம் எதிரி என்பதுபோல. வளர்ந்த யானைக்கொசு பெரியது, உடல் உலோகம்போல் மினுங்கும், துதிக்கைபோல் கீழ்நோக்கி வளைந்த வாய். அந்த வளைவால் தோலைத் துளைக்க முடியாது. ஆணும் பெண்ணும் பூந்தேன்தான். முட்டையிடத் தேவையான புரதத்தைப் புழுப்பருவத்திலேயே மற்றவர்களைத் தின்று சேர்த்துவிட்டதால் இரத்தத்துக்கு வேலையில்லை. பெண் கொசு பொந்தின் மேல் அந்தரத்தில் நின்று முட்டையை நீருக்குள் எறிந்துவிட்டுப் போகும். அந்த ஆறு கட்டைகளிலும் புலிக்கொசுவின் கூட்டுப்புழு ஒன்றுகூட இல்லை.

அந்த ஆறையும் விட்டுவைக்கலாம் என்று சொன்னேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். கொசுவை ஒழிக்க வந்தவர் கொசுவைக் காப்பாற்றச் சொல்கிறாரே என்ற பார்வை.

காட்டுக்காரி

புலிக்கொசுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது நம் நாட்டு மாதிரிகளால்தான். 1894இல் ஸ்கியூஸ் என்ற பூச்சியியலாளர் கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதை விவரித்தார். தெற்காசிய, தென்கிழக்காசியக் காட்டோரங்களில் மரப்பொந்தும் முறிந்த மூங்கிலும் இதன் பழைய வீடு. குரங்கு, பறவை, நாய், மாடு என எதையும் கடிக்கும். நமக்கு அது ஒரு வகையில் நல்லது. டெங்குவைப் பரப்ப ஒரு மனிதனைக் கடித்துவிட்டு இன்னொரு மனிதனைத் தேட வேண்டும். மனிதனையே விரும்பிச் சுற்றும் எஜிப்தி அதில் கெட்டிக்காரி. புலிக்கொசு நடுவில் மாட்டைக் கடித்தால் வைரஸுக்கு அந்தத் தடவை வீண்.

காட்டிலிருந்து உலகைச் சுற்ற அதற்கு உதவியது அந்தக் காய்ந்த முட்டைதான். பழைய டயரின் உட்பக்கம் மரப்பொந்தைப்போலவே கறுப்பு, நிழல், ஈரம். முட்டை ஒட்டிய டயர் கப்பலில் வறண்டபடி கடல் கடக்கும். போன நாட்டில் மழை பெய்தால் பொரியும். 1979இல் அல்பேனியா, 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன், 1990இல் இத்தாலி. சிறகால் இருநூறு மீட்டர் தாண்டாத பூச்சி இது.

சிக்குன்குனியாவில் இதன் முகம் வேறு. 2005-06இல் ரீயூனியன் தீவில் அந்த நோய் பரவியபோது வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றம் வைரஸைப் புலிக்கொசுவின் உடலில் எளிதாகப் பெருகவைத்தது. 2007இல் கேரளத்தில் அதே மாற்றம் கொண்ட வைரஸ் கிடைத்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டையிலும் கோப்பையிலும் மழைக்காலத்தில் நீர் தேங்கும். ரப்பருக்குச் சிரட்டை என்றால் மிளகுக்கு மூங்கில். தோட்டப் பயிர் எதுவானாலும் இந்தக் கொசுவுக்கு நாம் ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்காமல் விட்டுவிட்டு வருகிறோம்.

மலைக்குக் கீழே கதை மாறுகிறது. சேலம் 280 மீட்டர் அளவிலான உயரத்தில், வெயிலில் காய்கிற ஊர். அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் நெருக்கமான தெருக்கள், குடிநீர் பிடித்துவைக்கும் சிமென்ட் தொட்டிகள். அங்கே என் மாணவர்கள் ஆண்டுதோறும் கொண்டுவந்த புழுக்களில் பெரும்பகுதி திரிசூலச் செதில் கொண்ட எஜிப்தி. மரம் அடர்ந்த இடத்தில், சருகு ஊறும் பாத்திரத்தில் இரண்டும் சேர்ந்து வளர்ந்தால் புலிக்கொசுப் புழு முந்திக்கொள்ளும். அதன் ஆண் எஜிப்திப் பெண்ணோடு கூடினால் அந்தப் பெண்ணுக்கு வாரிசு பிறக்காது, பிறகு தன் இனத்து ஆணையும் அது பெரும்பாலும் ஏற்காது. ஆனால் வெப்பமும் வறட்சியும் கூடிய இடத்தில் எஜிப்தியின் முட்டை தாங்குவதுபோல் புலிக்கொசுவின் முட்டை தாங்காது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இந்த இரண்டும் மலையைப் பாகம் பிரித்துக்கொண்டிருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நடுவில் எந்தக் கொண்டை ஊசி வளைவில் எல்லைக்கல் என்று பார்க்க ஒரு மாணவர் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

செய்ததும் விட்டதும்

இரண்டு பேர், ஒரு நாள் வேலை. மூங்கில் கட்டைகளைக் கணுவை ஒட்டி மறுபடி அறுத்தார்கள். அறுக்க முடியாமல் நெருங்கியிருந்தவற்றில் மண்ணும் மணலும் குழைத்து விளிம்புவரை நிரப்பினார்கள். டயரை நான்காக வெட்டினார்கள். டிரம்மைத் தேய்ப்பது தொடர்ந்தது, மேலே மூடியும் வந்தது. யானைக்கொசு இருந்த ஆறு கட்டைகளையும் மேஸ்திரி நிரப்பிவிட்டார். நான் கேட்டதற்கு, “எது எதுவென்று நாளைக்கு எனக்குத் தெரியாது சார்” என்றார். நிர்வாகத்துக்கு அதுதான் சரியான பதில். எனக்கு வருத்தம்தான்.

முதல் பத்து நாள் பெரிய மாற்றமில்லை. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவை ஆயுளை முடிக்க வேண்டுமே. புரட்டாசி நடுவில் அதே திண்ணையில், அதே நேரம், அரை மணி உட்கார்ந்தேன். நான்கு பிடித்தேன். திண்ணையில் காப்பி டம்ளரோடு எனக்கு முன்னாலேயே ஒரு பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடம் எண்ணிக்கை எதையும் நான் கேட்கவில்லை.

அந்த நான்கு எங்கிருந்து வந்தன என்பது பாதிதான் தெரியும். பழைய பலா ஒன்றில், கிளை முறிந்த இடத்தில், ஏணி வைத்து ஏறினால் எட்டக்கூடிய உயரத்தில் ஒரு பொந்து இருக்கிறது. அதில் கூட்டுப்புழு இருந்தது. அதை அடைத்தார்கள். அதற்கு மேலே இருக்கும் பொந்துகளுக்கு யாரும் ஏறவில்லை, ஏறச் சொல்லவும் மனமில்லை. காட்டுக் கொசு காட்டில் கொஞ்சம் இருக்கட்டும்.

கண்காணிப்புக்காக, கறுப்புச் சாயம் பூசிய நான்கு தகர டப்பாக்களில் பாதி நீர் ஊற்றி, உட்சுவரில் துணிப் பட்டை ஒட்டி, லைன் வீடுகளைச் சுற்றி வைத்தோம். வாரந்தோறும் ரைட்டர் பட்டையை எடுத்து முட்டையை எண்ணி அனுப்புவார். மார்கழியில் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. தை முதல் வாரம், பலாமரத்தடி டப்பாவில் மட்டும் நிறைய முட்டையோடு ஒரு பட்டை கிடைத்தது. அதை மூன்று நாள் ஈரத்தில் வைத்து, பிறகு நிழலில் உலர்த்தி, இரண்டாகக் கத்தரித்தோம். ஒரு பாதியைக் காகிதத்தில் மடித்து ரைட்டர் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். மறுபாதியை நான் சேலத்துக்குக் கொண்டுவந்து புத்தக அலமாரியில் வைத்தேன்.

சித்திரை முதல் மழைக்கு மறுநாள், தொலைபேசியில் பேசிக்கொண்டே, இருவரும் ஒரே நேரத்தில் கொதித்து ஆறிய நீரில் பட்டையைப் போட்டோம். என் டம்ளரில் அன்று மாலைவரை ஒன்றும் அசையவில்லை. முட்டைகள் குழிந்து சப்பியிருந்தன. ஒரு பட்டையை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது, வகுப்பில் இதைச் சொன்னால் நானே மதிப்பெண் குறைப்பேன். ரைட்டர் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழைத்தார். இழுப்பறைப் பாதியில் பதினொன்று நெளிகிறதாம். என்ன செய்யட்டும் என்று கேட்டார். வாசலில், வெயில் படும் இடமாகப் பார்த்து ஊற்றச் சொன்னேன்.